நெய்வேலிச் சோலை

பழைய பண்ணை ஒன்றைக் காணச் செல்வோர் மாளிகையையும் மதிற்சுவரையும் தேடுவர். நெய்வேலியில் அவ்விரண்டும் இல. ஆயினும், ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடலூரிலிருந்து வடலூர் வழியாக நாங்கள் சென்றது ஒரு நிலக்கிழாரின் பூமியைக் காணவே.

1935-ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்கள் மேலெழுந்தன. வேறொருவராயின் கிணறு கெட்டதென்று மூடியிருப்பார். இவரோ அரசினருக்குத் தெரிவித்தார். பின்னர் 620 ஏக்கர் நிலத்தையும் கொடையாகவே ஈந்தார். 1956-இல் லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது. அடுத்த ஆண்டு மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

நகரியத்தை 'வட்டம்' என்னும் பகுதிகளாக வகுத்திருக்கிறார்கள். சாலைகளின் இருமருங்கும் வேம்பும் புளியும் புங்கமும் கிளை கோத்து நிற்க, மே மாத வெயிலிலும் நாங்கள் குடையின்றி நடந்தோம். சில தோட்டங்களில் பலா காய்த்துத் தொங்கியது; பிள்ளைகளை இழுத்து வருவதே பெரும்பாடாயிற்று!

சுரங்க விளிம்பில் நின்றபோது அவர்களும் வாயடைத்துப் போயினர். வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரங்கள், பனையுயரத்தை விஞ்சும் மண்ணை அகழ்ந்தெடுக்கின்றன. அதன் கீழேதான் பழுப்பு நிலக்கரி. அதற்கும் அடியில் அழுத்தத்தோடு பொங்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இன்றேல் சுரங்கமே நீரில் மூழ்கிவிடும். கரி எடுத்து முடிந்த பள்ளங்களில் மண்ணை மீண்டும் நிரப்பி மரம் வளர்க்கிறார்கள். அத்தகைய தோப்பு ஒன்றில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். குளத்தில் கொக்குகள் நின்றன. ஒருகாலத்தில் அதலபாதாளமாய்க் கிடந்த இடம் இது என்று எவரும் நம்பார்.

முதலியார் மனமுவந்து கொடுத்தார். அவருக்குப் பின் நிலம் விட்டுப் பெயர்ந்த சிற்றூரார் அனைவரும் அவ்வாறு கொடுத்தவர்களா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின் மீதே இயந்திரங்கள் இறங்கியதை நாடறியும். எங்கள் வீட்டு விளக்கும் இங்கிருந்து வரும் மின்சாரத்தில் எரிவதுண்டு என்பதால், அந்தக் கேள்வியைப் பிறர்மீது சுமத்திவிட்டு எழ எங்களால் இயலவில்லை.

தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் ஊர் எதுவென்று கேட்டோம். துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்து, "அதோ, அங்கேதான் எங்கள் தெரு இருந்தது" என்று கிழக்கே காட்டினார். சற்று யோசித்தார். பிறகு கையைத் தெற்கே திருப்பினார்.