ஒரு மிடறு

உண்ணும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளின் வழக்கம். என் அண்ணனுக்குப் புரையேறவே இல்லை. அதனால்தான் நாங்கள் ஏமாந்துபோனோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் 26 ஆண்டுகள் உழைத்தவர் அவர். உலையருகே நின்று வேலை செய்பவர்களுக்குத் தண்ணீரின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். வேலை முடிந்து வீடு திரும்பியதும், சொம்பைத் தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். அதைப் பார்த்தாலே நம் தாகமும் தணிந்துவிடும்.

2022ஆம் ஆண்டு கோடையில், தம் 61ஆம் வயதில், அவர் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன; சொற்கள் குழறின. ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். கைக்கும் காலுக்கும் பயிற்சி சொல்லி அனுப்பினார்கள். தொண்டையைப் பற்றி எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று மாலை அண்ணி காப்பி கொண்டுவந்தார். கட்டிலில் படுத்திருந்த அண்ணனின் தலையை ஒரு கையால் சற்றே உயர்த்தி, டம்ளரை அவர் வாயில் சாய்த்தவன் நான்தான். காப்பி உள்ளே போயிற்று. இருமல் இல்லை, திணறல் இல்லை. "நன்றாகக் குடிக்கிறார் அண்ணி" என்றேன். தொடர்ந்து காப்பியும் ரசமும் பழச்சாறும் கொடுத்தோம். அவர் குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. சளி என்று எண்ணிக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு உடல் கொதித்தது, மூச்சு வாங்கியது. மீண்டும் மருத்துவமனைக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "படுக்க வைத்தா கொடுத்தீர்கள்?" அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் அக்கேள்வி இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அன்போடு நீட்டிய கையே அண்ணனின் நுரையீரலுக்குள் காப்பியை ஊற்றியிருக்கிறது.

விழுங்குதலைப் பற்றி அதுவரை நான் சிந்தித்ததே இல்லை. மூச்சும் உணவும் தொண்டையில் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, மூச்சுக்குழல் மூடிக்கொள்கிறது, உணவுக்குழல் திறக்கிறது. நாள்தோறும் பல நூறு முறை, உறக்கத்திலுங்கூட, இது நம் கவனமின்றியே நிகழ்கிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் நாள்களில் இந்த ஒழுங்கு குலைகிறது. பலருக்குச் சில வாரங்களில் அது மீள்கிறது. தொண்டையின் உணர்வும் மரத்துப் போனவர்களுக்குத் தவறான வழியில் நீர் இறங்கினாலும் இருமல் வராது. புரையேறாமலே புரையேறும் நிலை அது. அண்ணனுக்கு நேர்ந்ததும் அதுவே.

மூக்கின் வழியே குழாயிட்டு இரு வாரங்கள் உணவு செலுத்தினார்கள். பின்பு, பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி தரும் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். நம் மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கு இரயிலில் போவதென்றால், சென்னைக்குச் சென்று வண்டி மாறித்தான் போகவேண்டும். ஆகவே வாடகைக் கார் வைத்துக்கொண்டு சென்னைக்கே போனோம்.

அந்தப் பயிற்சியாளர் உணவை உடனே கையில் எடுக்கவில்லை. முதலில் பார்த்தார். விழிப்பாக இருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, இருமச் சொன்னால் இருமுகிறாரா, வாய் தூய்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார். பிறகு ஒரு தேக்கரண்டி நீர் கொடுத்து, குரல்வளையின்மேல் விரல்களை மெல்ல வைத்து, அது மேலெழுகிறதா என்று உணர்ந்தார். "ஆ என்று சொல்லுங்கள் ஐயா" என்றார். குரல் ஈரமாகக் களகளத்தால் நீர் இன்னும் வாசலிலேயே நிற்கிறது என்று பொருளாம். நாங்கள் சளி என்று தள்ளிவிட்டது அந்த அடையாளத்தைத்தான்! இருமலே வராதவர்களுக்கு இச்சோதனையும் போதாது என்பதால், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, ஓடும் எக்ஸ்ரே படமாக எடுத்தார்கள். வெள்ளைக் கோடு ஒன்று மூச்சுக்குழலுக்குள் இறங்குவதை நான் திரையில் கண்டேன். அண்ணன் அமைதியாக அமர்ந்திருந்தார்.

அன்று கற்றவை எங்கள் வீட்டு வழக்கங்களைத் தலைகீழாக்கின. நோயாளிக்குத் தண்ணீர் எளிது, கூழ் கடினம் என்று நாம் நினைக்கிறோம். தொண்டை தளர்ந்தவர்க்கோ தண்ணீர் மின்னலாய் ஓடிவிடும். கெட்டியான கேழ்வரகுக் கூழ் மெல்ல நகரும். ரசம் சோறு இன்னும் ஆபத்தானது. பருக்கை ஒரு வேகத்தில், நீர் ஒரு வேகத்தில் இறங்கும். நீரைக் கெட்டியாக்கித் தருவதும் உண்டு. ஆனால் அதன் சுவை பிடிக்காமல் பலர் குறைவாகக் குடித்து உடல் வறண்டுபோவார்கள் என்பதால், அதையும் ஆளறிந்தே செய்யவேண்டும் என்றார்.

"ஐயா, இனி அண்ணாந்து குடிக்கக் கூடாது. உங்களுக்கு முகவாய் மார்பை நோக்கிக் குனிந்திருந்தால்தான் மூச்சுக்குழலுக்குக் காவல்" என்று அவர் சொன்னபோது, அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "தம்பி... சொம்பு..." என்றார். 26 ஆண்டு உலை வெப்பத்தைத் தணித்த சொம்பு. அன்றைக்குப் பின் அதை அண்ணி பரண்மேல் வைத்துவிட்டார்.

அதன்பின் ஒரு வேளை உணவுக்கு 40 நிமிடங்கள் ஆயின. நிமிர்த்தி உட்கார வைப்போம். அரைத் தேக்கரண்டி கொடுத்து, விழுங்கும்வரை காத்திருப்போம். மறுபடியும் விழுங்கச் சொல்லி, வலக்கன்னத்துள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். உண்டபின் அரைமணி நேரம் படுக்க விடமாட்டோம். பல்லும் நாவும் நாள்தோறும் துலக்கிவிடுவோம். வாயின் கிருமிகளே நுரையீரலுக்குள் இறங்கி நோயாகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வீட்டுக்கே வந்து இவற்றையெல்லாம் சரிபார்த்துச் சென்றார்.

மாதத்தின் முதல் வெள்ளியில் பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவருவார். உலர்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே என்று அஞ்சினேன். தயக்கத்தோடு அவரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. தேவையின்போது இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925ஆம் பிரிவு இடம் தருகிறது என்றார். அண்ணனுக்கு நீர்மமே ஆபத்து என்று நான் விளக்கியபோது, மிகச் சிறு துணுக்கு ஒன்றைப் பிட்டார். முதலில் வாயை ஈரப்படுத்தினோம். இடப்புற நாவில் துணுக்கை வைத்துவிட்டு, அவர் அடுத்த செபத்துக்குத் தாவாமல் நின்றார். அண்ணன் ஒருமுறை விழுங்கினார், மீண்டும் ஒருமுறை. அதன்பிறகே குரு செபத்தைத் தொடர்ந்தார். சிறு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததன் பொருள், எனக்கு அந்தக் கட்டிலருகில்தான் விளங்கியது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பார்க்கின்சன் நோயால் தளர்ந்து, விழுங்க இயலாத நிலையில் அவருக்கு மூக்குக் குழாய் வழியே உணவு தரப்படுவதாக வத்திக்கான் 2005 மார்ச் 30 அன்று அறிவித்தது. மூன்று நாள்களில், ஏப்ரல் 2 அன்று, அவர் இறைவனடி சேர்ந்தார். உணவும் நீரும் நோயாளிக்குரிய இயல்பான பராமரிப்பு என்று 2004ஆம் ஆண்டில் வலியுறுத்தியவரும் அவரே. உடல் அவற்றை ஏற்கும் ஆற்றலையே இழந்துவிடும்போது அக்கடமை அங்கே முடிகிறது என்பதையும் திருச்சபை தெளிவாக்கியிருக்கிறது. எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது நோயாளியின் உடலைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கே புலப்படும்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. இம்முறை அண்ணன் கண் திறக்கவில்லை. இறுதி நாள்களில் உடல் பசியையும் தாகத்தையும் மெல்ல மறந்துவிடுகிறது, வாய் வறட்சிதான் துன்பம் என்று செவிலியர் சொன்னார். உறவினர் கூடினர். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த அத்தை கையில் பால் கிண்ணத்தோடு நின்றார்கள். "வாயில் ஒரு சங்கு பால்கூட ஊற்றாமலா அனுப்புவது?" என்று அழுதார்கள். நம் மக்களின் நெடுநாள் வழக்கம்; அதில் அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. நான் டம்ளரைச் சாய்த்த அந்த மாலையிலும் அன்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

"வேண்டாம் அத்தை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிண்ணத்தை வாங்கிச் சிறிது பஞ்சை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து அவர்கள் கையில் கொடுத்தேன். "உதட்டில் மட்டும் தடவுங்கள் அத்தை. தொண்டைக்குள் போக வேண்டாம். அவருக்கு வலிக்கும்" என்றேன். அவர்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு நடுங்கும் விரல்களால் தடவினார்கள். அண்ணியும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் தடவினார்கள். கல்வாரியில் தாகமுற்றவரின் உதட்டருகே உயர்த்தப்பட்ட கடற்பஞ்சு என் நினைவுக்கு வந்தது.

கடைசியாக என் முறை வந்தது. பஞ்சை வைப்பதற்குமுன் அண்ணன் மூச்சை இழுத்துவிடும்வரை காத்திருந்தேன். 2022இல் அந்த மாலையில் நான் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.