கணக்கு கேட்ட ஊர்

வறட்சி நிவாரண வேலையின் வருகைப் பதிவேட்டில் தொடங்கிய தகராறு, நாடு முழுவதற்கும் ஒரு சட்டத்தைத் தந்தது

அஜ்மீரிலிருந்து உதய்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது பியாவர். 1836ல் டிக்ஸன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி உருவாக்கிய ஊர். ஒருகாலத்தில் பருத்தி ஆலைகளால் பெயர் பெற்றது. இன்று வெளியூர்க்காரர்கள் மறக்காமல் வாங்கிப்போவது தில்பட்டியை: காகிதம் போல மெல்லியதாகத் தட்டிய எள் இனிப்பு. பழைய ஊரின் வாசல்களில் ஒன்று சாங் கேட். சுற்றுலாக் கையேடுகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்த வாசலுக்கு இந்திய ஜனநாயகத்தில் தனி இடம் உண்டு.

காரணம் ஆரவல்லி மலைத்தொடரின் வறட்சி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிலம் சிறிது, பாறை அதிகம். மழை பொய்த்தால் ஆண்கள் குஜராத்துக்குப் பிழைக்கப் போவார்கள். ஊரில் தங்கும் பெண்களுக்கு அரசின் நிவாரண வேலைதான் கதி: குளம் வெட்டுவது, சாலை போடுவது, தடுப்பணை கட்டுவது. ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவது அபூர்வம். பஞ்ச நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு அளித்து 1964லேயே ராஜஸ்தான் அரசு தனிச் சட்டம் போட்டிருந்தது.

அஜ்மீர் மாவட்டத்தில் மதன்கஞ்ச்-ஹர்மாடா சாலைப் பணியில் குறைந்த கூலி பெற்றவர்களில் பலர் தலித் பெண்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பஞ்ச காலமென்றாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1983ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தும் கிராமத்தில் நிலைமை சட்டென்று மாறிவிடவில்லை. கூலி கேட்டால், 'நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்பதே பதில். பதிவேட்டைக் காட்டச் சொன்னால், அது அரசாங்க ரகசியம்.

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை 1975ல் உதறிய அருணா ராய், சங்கர் சிங், நிகில் தே ஆகியோருடன் 1987ல் தேவ்டூங்ரி கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். 1990 மே தினத்தன்று பீம் என்ற சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. கூலித் தகராறின் முடிச்சு மஸ்டர் ரோலில் இருக்கிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்ட அமைப்பு, 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கணக்குகள் ஊரறிய உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயர்களில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாக பில். கேட்டவர்களுக்குப் புரிய விளக்கவுரை தேவைப்படவில்லை.

பஞ்சாயத்து ஆவணங்களின் நகல் தரப்படும் என்று 1995ல் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் அறிவித்தார். ஓராண்டாகியும் உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று சாங் கேட்டில் தர்ணா தொடங்கியது. 40 நாள், ராஜஸ்தான் கோடை. கிராமத்தினர் தானியம் கொண்டுவந்தார்கள், ஊர்க்காரர்கள் காய்கறியும் காசும் கொடுத்தார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்ற கோஷம் அங்கிருந்து பரவியது. 2000ல் மாநிலத்துக்கும் 2005ல் நாட்டுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அதே 2005ல்தான் கிராமப்புற வேலை உறுதிச் சட்டமும் நிறைவேறியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள். கேட்ட 15 நாளுக்குள் வேலை இல்லையென்றால் உதவித்தொகை. ராஜஸ்தானில் அதன் பெயர் 'நரேகா'. வேலையிடங்களில் பெண்களே அதிகம். வெட்டிய குழியை அளந்து கூலி போடுவதால், மேட் பிடிக்கும் அளவு நாடாவை எல்லாக் கண்களும் தொடரும். 2023 ஜனவரி முதல் வருகையைச் செல்போன் செயலியில் படம் எடுத்துப் பதிவது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காவிட்டால் உழைத்த நாளும் கணக்கில் வராமல் போகலாம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாள்கள் 125ஆக உயர்ந்தன. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். பணமில்லாத மாநிலம் எத்தனை நாள் வேலை தரும் என்பது பெரிய கேள்வி.

ராஜஸ்தானில் பஞ்சாயத்துக் கட்டடச் சுவர்களில் யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று எழுதிப்போடும் வழக்கம் இந்தப் போராட்டங்களில் பிறந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் பேரக்குழந்தையை நிறுத்தித் தன் வரியைப் படிக்கச் சொல்லலாம். சட்டத்தின் பெயரும் நாள்களின் எண்ணிக்கையும் தில்லியில் மாறலாம். அந்தச் சுவரில் இருப்பது மெய்யா என்று சொல்ல, குழி வெட்டியவளைவிடப் பொருத்தமான தணிக்கையாளர் இல்லை.