யாரோ பட்ட கவலை

லீவுக்கு ஊருக்குப் போனா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான். "ஜப்பான்ல என்னப்பா பாத்த?" நானும் வழக்கமான லிஸ்ட்டை ஒப்பிப்பேன். ஃபியூஜி மலை, 3776 மீட்டர். ஸ்கைட்ரீ கோபுரம், 634 மீட்டர். புல்லட் ரயில், 1964லேர்ந்து ஓடுது. போன்ல போட்டோவும் இருக்கு. பாத்துட்டு "பரவால்லையே"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவாங்க.

ஆனா இங்க என்னைத் தாங்கிப் பிடிச்ச சமாச்சாரம் எதுவுமே அந்த போட்டோவுல இல்ல. எல்லாம் அற்பமான விஷயம். சொன்னா "இதுக்குத்தான் அவ்ளோ தூரம் போனியா?"ன்னு சிரிப்பாங்க. நீங்க சிரிச்சாலும் பரவாயில்லைன்னு இங்க எழுதி வைக்கிறேன்.

நான் டோக்கியோ வந்தது 2022 கடைசியில. குடியிருக்கிறது நிஷிகசாய் பக்கம். 2000-ம் வருஷ கம்ப்யூட்டர் பிரச்சனை (அதாங்க, ஒய்டூகே) சமயத்துல நம்மாளுங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கின ஏரியா. அதனால சாம்பார் பொடிக்கும் உளுத்தம்பருப்புக்கும் பஞ்சம் கிடையாது. தனிமைக்கும்தான் பஞ்சம் கிடையாது. மன்னார்குடி பக்கத்து ஆளு, திருச்சில இன்ஜினியரிங் முடிச்சவன், வீட்டுல எப்பவும் எட்டு பேர் சத்தத்துல வளர்ந்தவன். தீப்பெட்டி மாதிரி ஒரு ரூம்ல கதவைச் சாத்தினதும் ஃப்ரிட்ஜ் உறுமுற சத்தம் மட்டும் கேட்டுச்சு பாருங்க, அப்பதான் வெளிநாடுன்னா என்னன்னு புரிஞ்சுது.

முதல் சந்தோஷம் ஒரு சோத்து உருண்டையில கெடைச்சுது. ஒனிகிரின்னு பேரு. முக்கோணமா சாதத்தைப் புடிச்சு, கடல்பாசித் தாள் சுத்தி, கோன்பினின்னு சொல்ற 24 மணிநேரக் கடையில விப்பாங்க. உள்ள உமேபோஷி வெச்சது எனக்குப் பிடிக்கும். உப்பும் புளிப்பும் மண்டைக்கு ஏற ஒரு காய் ஊறுகாய். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா நார்த்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம்னு தோணும்.

விஷயம் ருசி இல்லைங்க, பொட்டலம். சாதத்தோட ஈரம் பட்டா அந்தத் தாள் நமுத்துப் போயிடும். அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாளை வெச்சு, மேல 1, 2, 3ன்னு நம்பர் போட்டிருக்காங்க. 1-ஐ உச்சிலேர்ந்து கீழ கிழிக்கணும். 2-ஐ வலது பக்கம் இழுக்கணும், 3-ஐ இடது பக்கம். நடுத்தாள் நழுவி வெளிய வந்துடும். கடல்பாசி அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு சாதத்துல ஒட்டிக்கும். கையில ஒரு பருக்கை ஒட்டாது. முதல் தடவை அது சரியா வந்தப்ப பிளாட்பாரத்துல தனியா நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேன். 1978லேர்ந்தே செவன் இலெவன் கடைங்கள்ல இந்த மாதிரித் தாளைப் பிரிச்சு வெச்ச ஒனிகிரி இருக்காம். 'சாப்பிடற நேரத்துல நமுத்துப் போயிருந்தா அந்தாளுக்கு எப்படி இருக்கும்?'னு யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு யோசிச்சிருக்கார்.

அடுத்தது ரயில்ல. நான் தினம் போற தோஸாய் லைன் நெரிசலுக்குப் பேர் போனது. 2019 கணக்குப்படி காலையில ஒரு பகுதியில 199 சதவீதம், அதாவது 100 பேர் இடத்துல 199 பேர். அந்த இடிபாட்டுலயும் நான் வேடிக்கை பாக்கறது ரயில்வே ஊழியர்களோட விரலைத்தான். சிக்னலைப் பாத்தா அதை நோக்கி விரலை நீட்டி, வாய்விட்டு 'சரி'ன்னு சொல்வாங்க. கதவு மூடியாச்சா? விரல் நீட்டு, சொல்லு. கடிகாரம்? விரல் நீட்டு, சொல்லு. முதல்ல பாத்தப்ப, 'யார்கிட்டடா பேசறார் இவரு?'ன்னு தோணுச்சு.

அப்புறம்தான் படிச்சேன். 1994ல இங்க இருக்குற ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனை பண்ணிச்சு. சும்மா செஞ்சா 100 தடவைக்கு 2.38 தப்பு. விரல் நீட்டிச் சொல்லிச் செஞ்சா 0.38. கண்ணு, கை, வாய், காது நாலும் ஒரே விஷயத்துல நிக்கிறதால மனசு வேற எங்கயும் ஓட முடியல. இப்போ நானும் புரொடக்‌ஷன்ல ரிலீஸ் போடறதுக்கு முன்னாடி மானிட்டரைப் பாத்து விரல் நீட்டி, "சர்வர் பேரு சரி, பிராஞ்ச் சரி"ன்னு தமிழ்லயே சொல்றேன். பக்கத்து சீட்டுக்காரர் முதல் நாள் ஒரு மாதிரி பாத்தார். இப்ப அவரும் அவர் பங்குக்கு விரல் நீட்டறார். :-)

மூணாவது, பல் வலி. பல் வலில என்னய்யா சந்தோஷம்னு கேக்காதீங்க, சொல்றேன். முதல் குளிர்காலத்துல கடவாய்ப்பல் கெளம்பிடுச்சு. என் ஜப்பானிய மொழியோ எல்கேஜி லெவல். டாக்டரம்மா வயசானவங்க, பொறுமையா கேட்டாங்க: "ஸுகி ஸுகியா? சிகு சிகுவா?" நான் முழிச்சேன். அவங்க கன்னத்துல கையை வெச்சு, நாடித்துடிப்பு மாதிரி விரலை அமுக்கி அமுக்கி எடுத்து, "ஸுகி ஸுகி"ன்னாங்க. அப்புறம் ஊசியால குத்துற மாதிரி காட்டி, "சிகு சிகு."

அட, விண்விண்! சுருக் சுருக்! நம்ம இரட்டைக்கிளவிங்க! தொல்காப்பியத்துலயே பேர் இருக்குற சமாச்சாரம், இங்க டாக்டர் வாய்ல உட்காந்திருக்கு. "ஸுகி ஸுகி"ன்னு கத்தினேன். அவங்களும் சிரிச்சுட்டாங்க. மூணு நாளா இங்கிலீஷ்லயும் சைகையிலயும் யாருக்கும் புரிய வைக்க முடியாத வலி அது.

அன்னிலேர்ந்து இது ஒரு வியாதியாவே ஆயிடுச்சு. வெண்டைக்காய் 'நெபா நெபா'ன்னா கொழகொழ. நட்சத்திரம் 'கிரா கிரா'ன்னா மினுமினு. நெஞ்சு 'டோகி டோகி'ன்னா படபட. ஒவ்வொண்ணா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். வாக்கிய அமைப்பும் நம்மள மாதிரியே வினைச்சொல் கடைசியில வர்றதால, தமிழ்ல யோசிச்சு வார்த்தையை மட்டும் மாத்திப் போட்டாலே பாதி கிணறு தாண்டிடலாம். இங்கிலீஷ் வழியா கத்துக்கிட்டு தலையைப் பிச்சுக்கறவங்களைப் பாத்தா பாவமா இருக்கும்.

இப்ப கொஞ்சம் சீரியஸான ஒண்ணு.

இங்க பல ஊர்கள்ல சாயந்தரம் அஞ்சு மணி வாக்குல, குளிர்காலத்துல சில இடத்துல இன்னும் சீக்கிரமா, கம்பத்துல கட்டின ஒலிபெருக்கிலேர்ந்து ஒரு மெட்டு வரும். குழந்தைங்க பாட்டு. 1923ல வந்த 'யூயாகே கோயாகே'ங்கற பாட்டோட மெட்டுதான் ரொம்பப் பிரபலம். அந்தி சாயற நேரத்தைப் பத்தின பாட்டு. பார்க்குல விளையாடுற பசங்களுக்கு 'வீட்டுக்குப் போங்கடா'ன்னு சொல்ற மாதிரி. ஞாயித்துக்கிழமை ரூம்ல படுத்துக்கிட்டு அதைக் கேட்டா, தெருமுனையில நின்னு அம்மா பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கும்.

ரொம்ப நாளா அது வெறும் பாட்டுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். விசாரிச்சா, அதெல்லாம் பேரிடர் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கிங்க. பூகம்பம், சுனாமின்னா அதுலதான் அறிவிப்பு வரும். அவசரத்துக்கு வேலை செய்யணுமே, அதனால தினமும் ஒரு பாட்டைப் போட்டு சோதிச்சுப் பாத்துக்கறாங்க. 2011 மார்ச் 11 சுனாமியப்ப மினாமிசான்ரிகுங்கற ஊர்ல, நகராட்சியில வேலை பாத்த ஒரு இளம்பெண் இந்த மாதிரி ஒலிபெருக்கியிலதான், "மேட்டுக்கு ஓடுங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்து அலையில போயிட்டாங்க.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, எனக்கு ஏழு வயசு. எங்க ஊர் உள்நாட்டுல இருந்ததால எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நாகப்பட்டினத்துலயும் வேளாங்கண்ணியிலயும் அன்னிக்குக் காலைல எந்த ஒலிபெருக்கியும் ஒண்ணும் சொல்லல. இந்தியப் பெருங்கடலுக்கே அப்போ எச்சரிக்கை ஏற்பாடு கிடையாது. நம்ம நாட்டுக்கான மையம் ஹைதராபாத்துல வந்தது 2007லதான். அலை சுமத்ராலேர்ந்து நம்ம கரைக்கு வந்து சேர ரெண்டு மணிநேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மணிநேரம்! ஒரு பாட்டு வாசிக்க எவ்ளோ நேரம் ஆகும்? இப்போ அஞ்சு மணி மெட்டு கேட்டா, 'இன்னிக்கும் ஒலிபெருக்கி வேலை செய்யுது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்'னு என் காதுக்குக் கேக்குது.

கடைசியா, சூடான டப்பா காப்பி.

தெருவுக்குத் தெரு பானம் விக்கிற மெஷின் நிக்கும். வெயில் காலத்துல எல்லாத்துக்கும் கீழ நீலப் பட்டை, ஜில்லுன்னு இருக்கும். குளிர் வந்ததும் ஒரு வரிசை சிவப்புப் பட்டையா மாறும், அது சூடு. டப்பா காப்பியை யூசிசி கம்பெனி 1969ல கொண்டு வந்துச்சு. ஒரே மெஷின்ல சூடும் ஜில்லும் சேந்து கெடைக்கிறது எழுபதுகள்ல வந்தது. காப்பின்னு பாத்தா சுமார்தான். கும்பகோணம் டிகிரி காப்பி குடிச்ச நாக்கு ஒத்துக்காது. அதைக் குடிக்கறதை விட கையில வெச்சுக்கறதுதான் சுகம்.

2024 ஜனவரில தாத்தா போயிட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு அப்பா கூப்பிட்டார், அங்க எட்டு மணி. எந்த பிளைட் புடிச்சாலும் மறுநாள் ராத்திரிக்கு முன்னாடி ஊர் போய்ச் சேர முடியாது. காலையிலயே எடுத்துடறதா முடிவாயிடுச்சு. "நீ அங்கயே இருந்து கும்பிட்டுக்கடா"ன்னார் அப்பா. ரூம்ல இருக்க முடியல. அராகாவா ஆத்தங்கரை வரைக்கும் நடந்தேன். ஊசி மாதிரி குத்துற காத்து. ஒரு ஜீவன் கிடையாது. வழியில ஒரு மெஷின் மட்டும் வெளிச்சம் போட்டுக்கிட்டு நின்னுது. காசு போட்டேன், டொக்குன்னு டப்பா விழுந்துது.

தாத்தா மார்கழில விடிகாலைத் திண்ணையில உட்காந்து காப்பி டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டிக்கிட்டே இருப்பார். "குடிங்களேன், ஆறிடும்"னு பாட்டி சொல்ற வரைக்கும் குடிக்க மாட்டார். அந்த டப்பாவை அதே மாதிரி வெச்சுக்கிட்டு ஆத்தைப் பாத்து நின்னேன். ஆறினதும் இன்னொண்ணு வாங்கினேன். மொத்தம் நாலு டப்பா. எனக்கு அன்னிக்கு நடந்த காரியம் அதுதான்.

அம்மா போன்ல அடிக்கடி கேப்பாங்க, "அங்க உன்னைப் பாத்துக்க யாருடா இருக்கா?" யாரும் இல்லதான். இந்த ஊரை சொர்க்கம்னு சொல்ல நான் வரல. வீடு தேடினப்ப 'வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கறதில்ல'ன்னு சிரிச்ச முகத்தோட திருப்பி அனுப்பியிருக்காங்க. சில நாள் அவ்ளோ கூட்டத்துலயும் எனக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியா இருக்கும். மூணு வருஷத்துக்கு மேல ஒரே மாடியில இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது.

ஆனா ராத்திரி குளிர்ல ஒருத்தன் நடந்து வருவான், அவன் கைக்குச் சூடா ஏதாவது இருக்கணும்னு எனக்கு முகம் தெரியாத ஒருத்தர் என்னிக்கோ கவலைப்பட்டிருக்கார். வியாபாரம்தான், இல்லைங்கல. இருந்தாலும் அந்தக் கவலை என் கை வரைக்கும் வந்து சேந்துதே.

ஒரு சரக்கு அனுப்பற கம்பெனிக்கு ஆப் எழுதறதுதான் என் வேலை. ஆள் வீட்ல இல்லாம பார்சல் திரும்பினா, 'டெலிவரி தோல்வி, கோட் 417'ன்னு ஒரு மெசேஜ் போகும். நான் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து அப்படித்தான் இருந்துது. போன வாரம் அதை மாத்தினேன். 'உங்க பார்சல் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டு வரட்டும்?' பக்கத்து சீட்டுக்காரர்தான் ஜப்பானிய மொழியைச் சரிபாத்துக் குடுத்தார். "இதை யாரும் கேக்கலையே, எதுக்கு?"ன்னார் டீம் லீட். ராத்திரி தனியா வீடு திரும்பற யாராவது படிப்பாங்கன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, விட்டுட்டார்.

ரிலீஸ் போடும்போது விரல் நீட்டி ரெண்டு தடவை படிச்சுப் பாத்துக்கிட்டேன். சரி.