எதிர்ப்பு என்ற சொல்

‘மருந்து எதிர்ப்பு’ என்ற சொற்சேர்க்கை மீது எனக்குச் சந்தேகம் உண்டு. எதிர்ப்பதென்றால் எதிரே ஒருவன் நிற்கிறான் என்ற பிரக்ஞை வேண்டும். பத்திரிகைகளில் கிருமிகள் படையெடுக்கின்றன, ஊடுருவுகின்றன, மருந்துக்குச் சவால் விடுகின்றன. இந்த யுத்த பாஷை வியாதியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எழுதுகிறவனின் சோம்பலைத்தான் சொல்கிறது. அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இருபத்தாறு நாட்களில் இதைப் பற்றி யோசிக்க எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது.

மூளையில் ரத்தக் கசிவு. இரண்டாம் நாளே தொண்டைக்குள் குழாய் இறக்கி வெண்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை. ஆனால் அந்தக் குழாய் இறங்கியதும் இருமல் போய்விடுகிறது. மூச்சுப்பாதையை இரவும் பகலும் பெருக்கிக்கொண்டிருக்கும் நுண்ணிய மயிர்களுக்கும் வேலை ஓடுவதில்லை. வாயில் ஊறுவது குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்கு இறங்குகிறது. ஒன்பதாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் அடியில் வெண்மை. மெரோபெனம் கொடுத்தார்கள், பிறகு கொலிஸ்டினும் சேர்ந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. பதினான்காம் நாள் சளிப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது: எலிசபெத்கிங்கியா.

அம்மாவிடம் சொன்னேன். “எலிசபெத்தா? யாருடா அது, நர்ஸா?” என்றாள்.

நர்ஸ் இல்லை, ஆனால் ஒரு பெண்தான். எலிசபெத் கிங் அமெரிக்காவில் அட்லாண்டாவின் தொற்றுநோய் மையத்தில் வேலை பார்த்தவர். பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் உண்டாக்கிய, அதுவரை பெயரில்லாத ஒரு பாக்டீரியாவை 1959-ல் விவரித்தார். அவர் அதற்கு இட்ட பெயர் வேறு. 1966-ல் அவர் இறந்துவிட்டார். இனப்பெயர் ஒருமுறை மாறி, மறுபடியும் மாறி, 2005-ல்தான் அது அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. இதன் பங்காளி ஒன்று மிர் விண்வெளி நிலையத்தில் ஆவி படிந்து சேர்ந்த நீரில் அகப்பட்டிருக்கிறது. இன்னொன்று ஒரு கொசுவின் குடலில். மண், தண்ணீர், குழாய், ஆஸ்பத்திரியில் கை கழுவும் தொட்டி, இவை இதன் இருப்பிடம். குளோரின் கலந்த தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கும். திடகாத்திரமானவனை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. அபூர்வமானது என்பதால் டாக்டர்களின் முதல் ஊகத்தில் இது வருவதில்லை. பரிசோதனைக் கருவிகளும் இதன் வகைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுண்டு. இதில் நான் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மெரோபெனத்தை உடைக்கும் நொதிகள் இதன் குரோமோசோமிலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக் கிருமிகள் பலவும் அந்த ஜீனைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. இதற்கோ அது பிதுரார்ஜிதம். கொலிஸ்டினும் இதனிடம் இயல்பாகவே பலிப்பதில்லை. கனடாவின் யூக்கான் பிரதேசத்தில் 30,000 வருஷத்து உறைமண்ணில் பென்சிலின் வகை மருந்துகளை முறிக்கும் ஜீன்கள் இருந்ததை 2011-ல் காட்டியிருக்கிறார்கள். அப்போது மருந்தும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. யாரை எதிர்த்தன அவை? அப்பாவின் நெஞ்சிலிருந்த மற்றவற்றை நாம் கொடுத்த மருந்து காலி செய்திருக்க வேண்டும். காலியான இடத்தில் இது குடிவந்தது. படையெடுப்பு என்பதைவிட வீடு மாறுவதற்குத்தான் இது நெருக்கம். (வீடு மாறுவதும் உருவகம்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அதில் துவேஷம் இல்லை.)

மினோசைக்ளினுக்கு மாற்றினார்கள்; பழைய மருந்து. நான்கு நாள் காய்ச்சல் தணிந்திருந்தது. அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. இருபத்தாறாம் நாள் விடியற்காலை இறந்தார். சான்றிதழில் ரத்தக் கசிவும் நிமோனியாவும் இருந்தன, எலிசபெத் இல்லை.

பத்திரிகை அறிவிப்புக்கு அண்ணன் எழுதிக்கொண்டு வந்த வாசகத்தில் ‘நோயுடன் போராடி’ என்றிருந்தது. அடித்துவிட்டேன். அப்பா போராடவில்லை, நினைவில்லாமல் கிடந்தார். அந்தக் கிருமியும் போராடவில்லை. “பின்னே என்னதான் போடறது?” என்றான் அண்ணன். ‘காலமானார்’ என்று மட்டும் வந்தது. அம்மாவுக்கு அதில் இன்னும் திருப்தி இல்லை. அவர் போராடினார் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.