முற்றுப்பெறாத நகரம்

இலக்கிய ஏடொன்றில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று நண்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கிய பண்டிதர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். சினிமாவையும் அவ்வாறே ஒதுக்கினார்கள். மக்கள் திரளும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க மறுப்பவர் மக்களைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறார். கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, கம்பளை, ஹேவாஹெட்டை ஆகிய சுற்றுப்புறங்களிலும் நம்மிடம் படித்த இளைஞர் பலர் தம் இரவுகளைத் திரையின் முன்னேதான் கழிக்கின்றனர். அவர்கள் எதைக் காண்கிறார்கள், அது எதைக் கற்பிக்கிறது என்று அறிவது ஆசிரியராகிய நமது கடன்.

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘சைபர்பங்க் 2077’. போலந்தின் தலைநகராகிய வார்சோவிலிருந்து இயங்கும் சீ.டி. புரொஜெக்ட் என்னும் கொம்பனி ஆக்கியது. 2012இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பர் 10ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. ‘திறந்த உலகம்’ என்ற வகையைச் சேர்ந்தது இது. அஃதாவது, ஆடுபவர் வகுத்த பாதையிலேயே சென்றாக வேண்டுமென்பதில்லை. விரும்பிய தெருவில் திரும்பலாம், விரும்பிய வேலையை ஏற்கலாம். பதினெட்டு வயது நிரம்பியோர்க்கே உரியது எனத் தரம் பிரிக்கப்பட்டது. அத்தடை நியாயமானதே, பாடசாலைப் பிள்ளைகளின் கையில் இதனைக் கொடுக்கலாகாது. தொடக்க நாளைய வடிவத்தை முன்னாள் மாணவர் ஒருவரின் பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியிலும், பின்னாளில் திருத்திய வடிவத்தைச் சக ஆசிரியர் ஒருவரின் கணினியிலும் ஆடிப் பார்த்தோம்.

முதலிற் சிறப்பைச் சொல்வோம். ‘நைட் சிற்றி’ என்னும் கற்பனை நகரில் எல்லாமே விலைப்பொருள். அங்கே ஆயுதம் தாங்கிய மருத்துவப் படையொன்று உண்டு. சந்தா கட்டியவர் வீழ்ந்தால் வானூர்தியில் வந்து மீட்கும். கட்டாதவர் அதே இடத்தில் உயிர்விட்டாலும் திரும்பிப் பாராது. விளையாட்டின் தொடக்கத்திலேயே இக்காட்சி வருகிறது. இலவச மருத்துவம் உரிமையாக நிலைபெற்ற நாடு நம் நாடு; எனினும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துக்காகக் கடை கடையாய் அலைந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் மாணவர். அவர்களுக்கு இக்காட்சி எதிர்காலக் கற்பனையாகத் தோன்றவில்லை.

மற்றொன்று. அந்நகரின் விடுதியொன்றிலே உடலை விற்கும் பெண்கள், ஆண்கள் மூளையில் சில்லொன்று பொருத்தப்பட்டுள்ளது. பணி நேரத்தில் நடந்தது எதுவும் அவர்கள் நினைவில் தங்காது. உழைப்பவரிடமிருந்து உழைப்பை மட்டுமன்றி, உழைத்த நேரத்தின் நினைவையுங்கூடப் பிரித்தெடுக்கும் ஓர் அமைப்பை இதனினும் கூர்மையாகக் காட்டிய புனைவுகள் சிலவே. கதைத்தலைவர் தீரா நோயோடு, எண்ணிய நாட்களோடு வாழ்பவர். பேரும் பொருளும் தேடிப் புறப்பட்ட நண்பர் முதற் பகுதியிலேயே இறக்கிறார். நிர்வாணமும் குருதியும் இருப்பதனால் மட்டும் இது வயது வந்தோர்க்குரியதாகவில்லை. கடன், வாடகை, சாவு என்பவற்றை மழுப்பாமற் பேசுவதனாலும் அப்பெயருக்கு உரியதாகிறது.

இனிக் குறைகள். வெளிவந்த நாளில் இது அரைகுறையாகவே இருந்தது. பழைய கருவிகளில் படம் மங்கிற்று, ஓட்டம் தடைப்பட்டது, இடைநடுவே நின்று போயிற்று. பொலிசார் வெறுவெளியிலிருந்து முதுகின் பின்னே முளைத்தனர். காரில் துரத்த அவர்களுக்குத் தெரியவில்லை. தெருவில் நடந்தோருக்கு முகமிருந்தது, வாழ்வில்லை. நாம் தலையைத் திருப்பி மீண்டும் பார்ப்பதற்குள் மறைந்து போயினர். நாடோடி, தெருப்பிள்ளை, கொம்பனி ஊழியர் என மூன்று பிறப்புகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்றனர். எதைத் தெரிந்தாலும் சிறிது நேரத்தில் எல்லோரும் ஒரே கதைக்கு வந்து சேர்ந்தனர். 2020 டிசம்பர் 20 வரையில் 1 கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுப் போயின. அதே வாரத்திலேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிற்று. 2021 ஜூனிலேதான் மீண்டும் சேர்த்தது.

ஏன் இவ்வாறாயிற்று? கலைஞருக்குத் திறமை இல்லாமையாலன்று. 2020 ஏப்ரல் 16 என்று குறித்த நாள் செப்டெம்பருக்கும், நவம்பருக்கும், ஈற்றில் டிசம்பருக்கும் தள்ளிப் போயிற்று. மேலதிக வேலையைக் கட்டாயமாக்கமாட்டோம் என்று 2019இல் உறுதி கூறிய நிர்வாகம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கிற்று. நத்தார்ச் சந்தை காத்திருந்தது, பங்குதாரர் காத்திருந்தனர். கொம்பனிகளின் கொடுமையைப் பழிக்கும் கதையை ஒரு கொம்பனி இவ்வாறுதான் செய்து முடித்தது. அன்று, முடிக்காமலே விற்றது.

கட்டாய உழைப்பால் எழுந்து குறையாய் நின்ற கட்டுமானம் கண்டியில் வாழும் நமக்குப் புதியதன்று. நகரின் நடுவே உள்ள வாவியைக் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1807 முதல் 1812 வரை இராசகாரிய ஊழியத்தால் வெட்டுவித்தான். அதன் கரையில் சிங்கள மக்கள் ‘வலாகுளு பெம்ம’ என்றழைக்கும் முகில் மதில் உண்டு. 1815இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றவே அம்மதில் வாவியை முழுதும் சுற்றி வளையாமல் நின்றுவிட்டது. இன்றும் அது அழகாகவே இருக்கிறது. முற்றுப்பெறாமை தன்னளவிற் குற்றமன்று என்பதற்கு அம்மதிலே சான்று. எனினும் அதன் அழகைப் பேசுவோர், மண் சுமந்த தோள்களைப் பேசுவதில்லை. குறைப்பட்ட எந்தப் படைப்பின் முன்னும் நாம் கேட்க வேண்டியவை இரண்டே: முடிக்குமுன் நிறுத்தும்படி ஆணையிட்டவர் யார்? அக்குறையின் விலையைக் கொடுத்தவர் யார்?

விலையைக் கொடுத்தவர் உழைப்பாளர் மட்டுமல்லர். நிறுவனம் பின்னர் குறைகளைத் திருத்திற்று என்பதை மறுப்பதற்கில்லை. 2023 செப்டெம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு பொலிசாரின் நடத்தையையும் ஆட்டத்தின் அமைப்பையும் பெரிதும் செப்பனிட்டது. ஆனால் அப்பதிப்பு புதிய தலைமுறைக் கருவிகளுக்கும் கணினிகளுக்குமே கிடைத்தது. கணினியிலும், சுழலும் பழைய வன்தட்டு போதாது, எஸ்.எஸ்.டி. வேண்டும் என்றனர், பிளேஸ்டேஷன் 4 கைவிடப்பட்டது. நாம் முன்பு குறிப்பிட்ட மாணவர் தோட்டத்து லயத்திலிருந்து படித்து முன்னேறியவர். முதற் சம்பளங்களைச் சேர்த்து அக்கருவியைக் கைமாறியதாக வாங்கினார். “சேர், திருத்திட்டாங்களாம். ஆனா நம்ம மெஷினுக்கு அது வராதாம்” என்று சிரித்துக்கொண்டே கூறினார். அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. குறையோடு விற்ற நாளில் ஏழையின் பணமும் செல்வரின் பணமும் ஒரே பணம். குறையைத் தீர்த்த நாளிலோ ஏழையின் கருவி கணக்கிலில்லை.

இவற்றைவிட ஆழமான குறையொன்று உண்டு. அதனை எந்தத் திருத்தப் பதிப்பும் தீர்க்கவில்லை. கொம்பனிகள் ஆளும் அந்நகரில் கலகக்காரர் பலர் உளர். ஆனால் ஒவ்வொருவரும் தனியர். கிற்றாரும் வெடிகுண்டும் ஏந்திய பாடகன் ஒருவனே கிளர்ச்சியின் சின்னம். அவன் கோபுரத்தைத் தகர்த்தான். கொம்பனி மீண்டும் கட்டிக்கொண்டது. விடுதித் தொழிலாளர் தம் விடுதியைத் தாமே நடத்த முயலும் பகுதியொன்று உண்டு. அம்முயற்சி துரோகத்தாலோ பழிவாங்கலாலோ சிதைந்துபோகிறது. தனிமனித ஆவேசமும் தோல்வியுமே விதி என்று இவ்விளையாட்டு சொல்லாமற் சொல்கிறது.

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கண்டிக்கு அணித்தாயுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வுக்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசாரின் குண்டுக்கு கோவிந்தன் பலியானார். அவர் தனியனாய்ப் புறப்பட்ட வீரரல்லர். தொழிலாளர் கூட்டத்தில் ஒருவர். அவர் இறந்தபின்னும் மலையகத் தொழிற்சங்க இயக்கம் வளர்ந்தது.

நைட் சிற்றியை ஆக்கியோரும் இவ்வழிக்கே வந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. 2023இல் அக்கொம்பனி சுமார் நூறு பேரை நீக்க முடிவு செய்தது. அதன்பின் அங்குள்ள ஊழியர் போலந்தின் விளையாட்டுத் துறைத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். தாம் வரைந்த நகரத்தில் இடம்பெறாத ஒன்றைத் தம் வாழ்விலே தொடங்கினர்.

ஆதலின், இவ்விளையாட்டை ஆடும் இளைஞரை இகழ்வதாற் பயனில்லை. அவர்களோடு அமர்வோம். அந்நகரில் எது உண்மை, எது விடுபட்டது என்று கேட்போம். சந்தா கட்டாதவர் சாகும் தெருவைக் கண்டு அவர்கள் சினந்தால் அச்சினம் நியாயமானது. அச்சினத்தோடு முல்லோயாவின் கதையையும் அவர்களுக்குச் சொல்லித் தருவது நம் வகுப்பறையின் வேலை.