நள்ளிரவில் ஒலித்த மணி

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்தால் விடுதிகள் நிரம்பிவிடுகின்றன, வாடகையும் ஏறிவிடுகிறது. இடம் கிடைக்காத எளியோர் கடைத் திண்ணைகளில் படுத்துறங்குகின்றனர். வழிப்போக்கரிடம் காசு வாங்காத விடுதிகளும் நம் நாட்டில் இருந்தன. அவையே சத்திரங்கள்.

அவற்றுள் ஒன்றைக் காண விரும்பினால், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரத்தநாட்டுக்குச் செல்லுங்கள். முத்தாம்பாள் என்னும் பெண்மணியின் நினைவாக மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சத்திரம் அங்குள்ளது. குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேரைப் போலவே அதன் பக்கத்தைச் செதுக்கியிருக்கின்றனர்.

கட்டடத்தினும் சிறந்தது அக்காலச் சத்திரங்களின் நடைமுறை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை ஆட்சி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆட்சியை இழந்த மன்னர், தம் சத்திரங்களின் தருமம் குன்றிவிடலாகாதே என்று கவலையுற்றார். 1801இல் ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் பணிகளை விவரித்தார். சாதி பாராமல் எல்லாப் பயணிகளுக்கும் உணவு, நோயுற்றோருக்கு மருந்து, கைக்குழந்தைகளுக்குப் பால், அநாதைச் சிறுவருக்கு மூன்று வேளை உணவும் கல்வியும். நள்ளிரவில் ஒரு மணி ஒலிக்கும். இன்னும் உண்ணாதவர் இருப்பின் வருக என்று உரக்க அறிவிப்பர். அதன் பின்னரே அன்றைய அன்னதானம் நிறைவுறும்.

மேல்நாட்டு ஆற்றங்கரை ஊர்களின் பழைய விடுதிகள் உணவையும் மதுவையும் படுக்கையையும் விலைக்கு விற்றன. இங்கோ, கொடுப்பவரே பசித்தவரைத் தேடி அழைத்தார்.

ஜகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிறோமா, நாமே தேடிச் செல்கிறோமா? சிந்திப்போமாக!