பந்தல் பிரித்த பிறகு

உன்கூடப் படிக்கிற பையனின் அம்மா தவறிவிட்டாள், துக்க வீட்டில் போய் என்ன பேசுவது என்று கேட்டாயே கண்ணு, எனக்கும் தெரியாது. உன் ஆயா போனபோது வந்தவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட இன்று எனக்கு ஞாபகமில்லை. பூனைதான் ஞாபகம் இருக்கிறது.

அது ஆயாவின் செல்லம். எனக்கு ஆகாது. மீன் ஆயும்போது அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தித் தலைக்கு அவளோடு வழக்காடும். நான் துண்டை வீசி விரட்டுவேன். சாவுக்குக் கூட்டம் வந்த நாளெல்லாம் அது கண்ணில் படவில்லை. கருமாதி முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதே. தை மாதம். மறுநாள் விடியுமுன்னே, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் சத்தத்தில் விழித்தேன். பின்வாசல் படியில் பூனை உட்கார்ந்து, அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் துண்டை எடுக்கத் தோன்றவில்லை.

என்னைத் தேற்ற வந்தது என்று கதை கட்டமாட்டேன், பசிக்குத்தான் வந்தது. ஆனால் அதற்கு மீன் வாங்க நான் சட்டை மாட்டிக்கொண்டு விக்கிரவாண்டி வரை போகவேண்டியிருந்தது. "பெரியவரே, சாப்பிட்டீங்களா?" என்று மீன்காரம்மா கேட்டாள். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்குத்தான் உலை வைத்தேன்.   

ஆறு வருஷம் கழித்து அதுவும் செத்தது. வேப்பமரத்தடியில் குழி வெட்டும்போது அழுதுவிட்டேன். "பூனைக்குப் போயா?" என்று சிரித்தார்கள். அந்தக் காலத்து எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். நாம் அப்பனுக்கு மீசை எடுப்பதுபோல. 2,400 வருஷத்துக்கு முன்னால் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மீன் தலையை ஒதுக்கி வைக்கிற ஆயாவின் வழக்கம் அதுவரை என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றோடு நின்றது.

அந்தப் பையன் வீட்டுக்கு இப்போது ஒருமுறை போ. பதினாறு முடிந்து வீடு காலியான பிறகு கட்டாயம் போ. அழாதே என்று சொல்லாதே. கடைக்கு வா, சைக்கிளுக்குக் காற்றடிக்கணும் என்று ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிடு. நாள்கணக்கில் சோறு தூக்கம் இல்லாமல் கிடந்தான் என்றால் நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. ராத்திரியானால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுக் கொடு. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அவர்கள் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்குமே, அதற்கு இப்போது யார் சோறு வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா.